உயரம் குறைந்தோரின் எதிர்க்குத்து: மெண்டோசா முதல் முஹம்மது கவீ வரை

அரபு மொழியில் காஃப், வாவ், யா என்னும் மூன்று மூல எழுத்துகளிலிருந்து பிறந்த 'கவீ' என்னும் சொல் வலிமையுடையவனைக் குறிக்கும். 'ஃபஈல்' என்னும் வாய்பாட்டில் அமைந்த இத்தகைய பெயரடைகள் ஒருவனிடம் நிலைபெற்றுவிட்ட பண்பைச் சுட்டுவன என்பர் இலக்கண நூலோர். தமிழில் ஈற்று நெடிலைக் குறிலாக்கி எழுதினால் அது கவிஞனைக் குறிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இங்கு நெடிலாகவே எழுதுகிறேன். 1982-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டுவைட் பிராக்ஸ்டன் என்பவர், இஸ்லாத்தைத் தழுவியதன் அடையாளமாகத் தம் பெயரை டுவைட் முஹம்மது கவீ என்று மாற்றிக்கொண்டார். அப்போது அவர் 79 கிலோ எடைப்பிரிவின் உலக வாகையர். அவருடைய உயரமோ ஏறத்தாழ 170 சென்டிமீட்டர்தான். நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்து சென்றால் எவரும் திரும்பிப் பார்க்காத உயரம் அது. தம்மைவிட ஒரு சாண் உயரமானவர்களுடன் பொருதி வென்ற அவருடைய வலிமை எத்தகையது, அது எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குத்துச்சண்டை என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருபவர் முஹம்மது அலீ ஒருவரே. அவருடைய ஆட்டத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அதுவே அக்கலையின் இலக்கணம் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. எதிரியின் குத்து வரும்போது தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்ப்பார். குத்து விரற்கடை தூரத்தில் வீணாகும். அந்தக் கணமே அவருடைய நீண்ட இடக்கை பாய்ந்து எதிரியின் முகத்தைச் சென்றடையும். ஆனால் இது 191 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு வாய்த்த சலுகை. உயரம் குறைந்தவர் இதே முறையில் பின்னுக்குச் சாய்ந்தால் தப்பிப்பார், அவ்வளவே. பதிலுக்கு அவர் வீசும் கை காற்றைத்தான் துழாவும். ஏனெனில் கைவீச்சின் எல்லைக்கு வெளியே அவரே தம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

எதிராளியின் தாக்குதலையே வாய்ப்பாகக் கொண்டு திருப்பி அடிப்பதை எதிர்க்குத்து என்கிறோம். பின்வாங்கிக் காத்திருப்பவனின் கலை என்றே பலரும் இதனைக் கருதுகின்றனர். உயரமானவர் அவ்வாறு காத்திருக்கலாம். உயரம் குறைந்தவருக்குக் காத்திருப்பதே தோல்வி. தொலைவில் நின்றால் அவர் கை எட்டாது. நெருங்கினால் வழியிலேயே அடிபடுவார். இந்த முட்டுக்கட்டையிலிருந்து விடுபட அவருக்குள்ள வழி ஒன்றே: கால்கள் முன்னோக்கிச் செல்லத் தலை மட்டும் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ விலக வேண்டும். அப்போது எதிரியின் கை தோளுக்கு மேலாகக் கடந்துபோகும். நீட்டிய கை திரும்பி வருவதற்குச் சிறு கால அளவு தேவைப்படும். கை நீளமானால் அந்த அளவும் நீளும். அதற்குள் அக்குளின் கீழ் விலா திறந்து கிடக்கும்; தாடையின் ஒரு பக்கம் காவலின்றி இருக்கும். வளைந்த முழங்கால்களை நிமிர்த்தி மேல்நோக்கி அடிக்கும்போது உடலின் எடை முழுவதும் குத்தில் சேரும். குனிந்திருப்பவனை அடிக்க வேண்டிய உயரமானவருக்கோ கையைக் கீழ்நோக்கிச் செலுத்த வேண்டியிருப்பதால் விசை குறைகிறது. இவை யாவும் கைகூட ஒரு நிபந்தனை உண்டு. எதிராளி முதலில் கையை நீட்ட வேண்டும். அவரை நீட்டச் செய்வதில்தான் உயரம் குறைந்தவரின் அறிவு வேலை செய்கிறது.

இந்த உண்மையை முதன்முதலில் ஒரு முறையாக வகுத்து நூலாகவும் எழுதியவர்களுள் டேனியல் மெண்டோசா குறிப்பிடத்தக்கவர். லண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஐபீரிய யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். கர்னாத்தா வீழ்ந்த 1492-ஆம் ஆண்டிலேயே ஸ்பெயினின் யூதர்களும் வெளியேற்றப்பட்டதை அந்தலுஸ் வரலாறு படித்தோர் அறிவர். அந்தச் சிதறலின் ஒரு கிளை லண்டன் வரை வந்து சேர்ந்தது. மெண்டோசாவின் உயரமும் 170 சென்டிமீட்டர். எடை 73 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடைப்பிரிவுகளும் கையுறைகளும் இல்லாத காலம் அது. ஒருவர் முன் ஒருவர் நின்று மாறிமாறி அடித்துக்கொள்வதே ஆண்மை என்றும், விலகுவது கோழைத்தனம் என்றும் எண்ணியோர் பலர். மெண்டோசா விலகினார், தடுத்தார், பக்கவாட்டில் நகர்ந்தார், பிறகு அடித்தார். ரிச்சர்டு ஹம்ஃப்ரீஸ் என்பவரிடம் 1788-இல் தோற்றாலும், 1789-இலும் 1790-இலும் அவரை வென்றார். 1789-இல் குத்துச்சண்டைக் கலை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1792 முதல் 1795 வரை இங்கிலாந்தின் வாகையராக விளங்கினார். அவரை வீழ்த்தியவர் ஜான் ஜாக்சன். உயரத்திலும் எடையிலும் மிஞ்சியவர். விலகிக்கொண்டேயிருந்த மெண்டோசாவின் நீண்ட தலைமுடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் அடித்தார் ஜாக்சன். அக்கால விதிகளில் அதற்குத் தடை இல்லை. அசையும் தலையை அசையாமற் செய்துவிட்டால் இக்கலை முழுவதும் பயனற்றுப்போகும் என்பதை அவர் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலீயைச் சந்தித்த ஜோ ஃபிரேசியர் 182 சென்டிமீட்டர் உயரமுள்ளவர். நமக்கு அது குறைவன்று. அலீயின் முன் குறைவு. அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்த எட்டி ஃபுட்ச் கூர்ந்த நோக்குடையவர். கீழிருந்து மேலாகத் தாடையை நோக்கிச் செல்லும் அப்பர்கட் குத்தை வலக்கையால் வீச முற்படும்போது அலீ அக்கையைத் தாழ்த்துகிறார், அந்நேரம் அவருடைய முகத்தின் வலப்பக்கம் காவலற்றுப் போகிறது என்பதை அவர் கண்டறிந்தார். அந்தக் கை தாழும்போதெல்லாம் இடக்கையை வளைத்து வீசும் ஹூக் குத்தை அடிக்குமாறு ஃபிரேசியருக்குச் சொல்லிவைத்தார். குனிந்து வருபவனைக் கண்டால் எவருக்கும் கீழிருந்து மேலாக அடிக்கவே தோன்றும். ஆக ஃபிரேசியரின் குனிவே ஒரு தூண்டில். பதினைந்தாம் சுற்றில் அவருடைய இடக்கை ஹூக் அலீயைத் தரையில் வீழ்த்தியது. நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பும் அவருக்கே கிடைத்தது. ஆனால் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அவரைக் கையால் தள்ளி நிறுத்தி, எழுந்து வரும் முகத்தைக் கீழிருந்து அடித்து, இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். அலீக்கு விரித்த தூண்டில் ஃபோர்மனிடம் அறுந்துபோயிற்று.

இனி கவீயிடம் வருவோம். 1953-இல் பால்டிமோரில் பிறந்து, நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் வளர்ந்தவர். ஆயுதமேந்திய கொள்ளைக் குற்றத்துக்காக ராவே சிறைச்சாலையில் ஐந்தாண்டுகளுக்கு மேல் கழித்தார். குத்துச்சண்டையை அவர் கற்றது அங்கேதான். அமெச்சூர் போட்டி எதிலும் கலந்துகொள்ளாமலேயே 1978-இல் நேரடியாகத் தொழில்முறை அரங்கில் ஏறினார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1981 செப்டம்பரில், அதே சிறைக்குள் சுதந்திர மனிதராகத் திரும்பிச் சென்று, அங்கு கைதியாக இருந்தபடியே தரவரிசையில் உயர்ந்திருந்த ஜேம்ஸ் ஸ்காட்டைப் பத்துச் சுற்றுகளில் வென்றார். ஸ்காட் சிறையில் அவருடன் பயிற்சி செய்தவர். தம்மைக் கட்டிவைத்த சுவர்களுக்குள்ளேயே உலகப் பட்டத்துக்கான வாசலை ஒருவர் திறந்துகொண்ட நிகழ்ச்சி விளையாட்டு வரலாற்றில் அரிது.

அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த போட்டி நம் கவனத்துக்கு உரியது. அன்றைய வாகையர் மேத்யூ ஸஅத் முஹம்மது. குழந்தைப் பருவத்தில் ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெருஞ்சாலையில் கைவிடப்பட்டு, கன்னியாஸ்திரிகளால் எடுத்து வளர்க்கப்பட்டவர். அதனாலேயே மேத்யூ ஃபிராங்க்ளின் எனப் பெயர் பெற்றவர். இஸ்லாத்தில் இணைந்தபின் நற்பேறு என்னும் பொருளுடைய ஸஅத் என்ற பெயரை ஏற்றார். பட்டத்தை எட்டு முறை காத்திருந்தார். அவர் ஆட்டத்தின் புகழே அடிவாங்கும் திறனில்தான் இருந்தது. முகம் கிழிந்து, கால்கள் தள்ளாடி, இனித் தேறமாட்டார் என்று அரங்கம் எண்ணும் வேளையில் மீண்டெழுந்து வெல்வார். மக்கள் அதனை வீரம் என்று கொண்டாடினர். எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் உடன்பாடில்லை; பிறர் வலியைக் கண்டு களிக்கும் மனத்துக்கு வீரம் என்பது வசதியான பெயர்.

அன்று கவீ செய்தது, மார்பின் முன் கைகளைக் கட்டிக் குனிந்து, ஒவ்வோர் அடியாக முன்னேறியதுதான். ஜாப் எனப்படும் இடக்கை நேர்க்குத்தை ஸஅத் வீசும்போதெல்லாம் தலை ஓரங்குலம் விலகியது. குத்து தோளின் மேல் சென்றது. அது திரும்பும் முன்னரே கவீயின் வலக்கை அதன் மேலாகச் சென்று விழுந்தது. ஸஅத் பின்வாங்கிக் கைவீச்சைப் பயன்படுத்தியிருக்கலாம். அவர் குணம் அதற்கு இடந்தரவில்லை. நின்று அடித்துக்கொள்ளவே விரும்பினார்; அப்படி விரும்பும் எதிரியைவிட எதிர்க்குத்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பத்தாவது சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார். 1982 ஆகஸ்டில் நடந்த மறுபோட்டி ஆறு சுற்றுகளுக்கு மேல் நீளவில்லை. வலிமை என்பது அடியைத் தாங்குவதா, அடியை வீணாக்குவதா என்ற கேள்விக்கு இரு முஸ்லிம் வீரர்களின் உடல்கள் அங்கே விடையெழுதிக்கொண்டிருந்தன.

விடை முழுமையானதன்று என்பதை 1983 மார்ச் 18 காட்டியது. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் கவீயைவிட 19 சென்டிமீட்டர் உயரமானவர். பதினைந்து சுற்றுகளும் தொலைவைக் காத்து, ஜாப்பை வீசியதும் நின்ற இடத்தை விட்டு அகன்றுகொண்டே இருந்தார். கை நீண்டது, ஆனால் அதற்குப் பின்னால் உடல் இல்லை. கவீ உள்ளே நுழைந்தபோது அங்கே ஆளில்லை. தீர்ப்பு ஒருமனதாக ஸ்பிங்க்ஸுக்குச் சென்றது. பின்னர் கனமான பிரிவுக்கு ஏறிய கவீ, 1985-இல் தென்னாப்பிரிக்கரான பீட் கிரவுஸை வென்று இரண்டாவது உலகப் பட்டத்தைப் பெற்றார். 1986 ஜூலையில் அட்லாண்டாவில் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் அதனை இழந்தார். நடுவர்கள் பிளவுபட்டே தீர்ப்பளித்தனர். பதினைந்து சுற்றுகளுக்குப்பின் வென்றவரான ஹோலிஃபீல்டுதான் நீரிழப்பால் மருத்துவமனைக்குச் சென்றார்.

ஸ்பிங்க்ஸ் கற்பித்த பாடத்தைப் பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் வேறொருவர் மீண்டும் கற்பித்தார். ஷெஃபீல்டு நகரில் யமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த நஸீம் ஹமீது, கவீயைவிடவும் உயரம் குறைந்தவர். 1995-இல் 57 கிலோ பிரிவில் பட்டம் வென்ற அவர் குனிந்து நுழைபவர் அல்லர். கைகளைத் தொடையருகே தொங்கவிட்டு, முகத்தைக் காட்டி, அடிக்க அழைப்பார். அழைப்பை ஏற்றவர்கள் வீழ்ந்தனர். 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மார்கோ அந்தோனியோ பரேரா அந்த அழைப்பை ஏற்கவே இல்லை. பொறுமையுடன் தள்ளி நின்று, தமக்கு ஏற்ற நேரத்தில் மட்டும் அடித்து, பன்னிரண்டு சுற்றுகளில் வென்றார்.

இவ்வளவையும் எழுதும் ஓர் அரபுக் கல்லூரி ஆசிரியன், மார்க்கத் தீர்ப்பைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு கட்டளையிடும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 1408 ஸஃபர் மாதத்தில், அதாவது 1987 அக்டோபரில், மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு அகாதமி, எதிராளிக்குத் தீங்கிழைப்பதை ஆகுமாக்கிக்கொண்டு நடத்தப்படும் குத்துச்சண்டை கூடாதென்று தீர்மானித்தது. அடி வாங்காமல் இருப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டமுறைக்கு இதில் விலக்குக் கோர முடியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது என்றே நான் கருதுகிறேன். எதிர்க்குத்தில் இரு உடல்களின் விசை ஒன்றாகிறது; முன்னோக்கி வருபவனின் வேகமே அவன் தாடையில் விழும் அடியை மிகைப்படுத்துகிறது. தன்னைக் காக்கும் நுட்பமே பிறனை அதிகமாகச் சிதைக்கிறது. மேலும், தம்மைக் காத்துக்கொண்டதாக நாம் சொல்லும் உயரம் குறைந்தவரும் உள்ளே நுழையும் வழியில் சில அடிகளை வாங்கியே நுழைகிறார். பயிற்சிக்கூடத்தில் வாங்கும் அடிகளை எவரும் எண்ணுவதில்லை.

ஸஅத் முஹம்மது பொருளிழந்து, 2010-இல் ஃபிலடெல்ஃபியாவில் வீடற்றோர் விடுதியில் தங்கும் நிலைக்கு ஆளாகி, 2014 மே மாதத்தில் நரம்பு நோயால் காலமானார். கவீ 41 வெற்றிகளுடன் அரங்கை விட்டு விலகினார். 2004-இல் பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். தாமே மதுவின் பிடியிலிருந்து மீண்டவர் என்பதால், நியூ ஜெர்சியில் போதைக்கு அடிமையானோருக்கு ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றினார். இறுதி ஆண்டுகளில் மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 2025 ஜூலை 25-ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், இறைவனிடம் மீண்டார்.