மூன்று வட்டங்களும் யாரும் படிக்காத ஒரு பெயரும்



அடுத்த பாடவேளையில் வெண்பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுங்க. அதன் மேல் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வட்டம். கண், மூக்கு எதுவும் வேண்டாம். எந்தப் படிவத்து மாணவரும் உடனே “மிக்கி மவுஸ்” என்று சொல்லிடுவார். அடுத்து, “இதை முதலில் வரைந்தது யார்?” என்று கேட்டுப் பாருங்க. “வால்ட் டிஸ்னி” என்ற பதில்தான் வரும். அது பாதிதான் சரி. மீதிப் பாதிக்குள் நல்ல வரலாற்றுப் பாடம் ஒன்று இருக்கிறது.

பல நாடுகளில் புகழ்பெற்ற முதல் பெரிய கார்ட்டூன் நட்சத்திரம் எலி இல்லை, பூனை! 1919இல் அமெரிக்கத் திரையில் தோன்றிய ‘ஃபீலிக்ஸ்’ என்ற கறுப்புப் பூனை அது. அப்போது பேசாப்படக் காலம். வசனம் இல்லாததால் மொழி ஒரு தடையாகவே இல்லை. நாடு விட்டு நாடு எளிதாகப் போனது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் தொலைக்காட்சியைச் சோதித்தபோது கேமரா முன் சுழலவிட்டதும் ஒரு ஃபீலிக்ஸ் பொம்மையைத்தான். அந்தப் படங்களில் பெரிதாக வந்த பெயர் நிறுவன உரிமையாளர் பேட் சல்லிவனுடையது. படங்களை இயக்கி வரைந்துவந்த ஓட்டோ மெஸ்மர் என்பவரின் பெயரோ பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பரவலாகத் தெரியவந்தது.

இந்தச் சமயத்தில் வால்ட் டிஸ்னியும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். 1927இல் அவருடைய குழு ‘ஓஸ்வால்ட்’ என்ற முயலை உருவாக்கியது. படம் நன்றாக ஓடியது. 1928இல் கூடுதல் பணம் கேட்கப் போனபோதுதான் நிலைமை புரிந்தது: முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. ஓவியர்களில் பெரும்பாலோரையும் விநியோகஸ்தரே தம் பக்கம் இழுத்துக்கொண்டார். டிஸ்னியோடு நின்ற முக்கிய ஓவியர் அப் ஐவர்க்ஸ். அந்த ஐவர்க்ஸின் கையில்தான் மிக்கி உருவம் பெற்றது. மிக்கியின் முதல் படத்தைக் கிட்டத்தட்டத் தனி ஆளாகவே அவர் வரைந்து முடித்தார்.

ஏன் வட்டம்? வேகமாக வரையலாம், அவ்வளவுதான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் காது வட்டமாகவே இருக்கும். அவசரத்துக்காகச் செய்த இந்த எளிமைதான் பிறகு உலகமே அடையாளம் காணும் முத்திரையானது.

ஆனால் வடிவம் மட்டும் போதவில்லை. பேசாப்படமாக எடுத்த முதல் இரண்டு மிக்கி படங்களையும் வாங்க ஆளில்லை. மூன்றாவதாக எடுத்த ‘ஸ்டீம்போட் வில்லி’யில் இசையும் ஒலியும் அசைவோடு ஒத்துப்போகும்படி சேர்த்தார்கள். 1928 நவம்பர் 18இல் நியூயார்க்கின் காலனி திரையரங்கில் அது வெளியானதும் நிலைமை தலைகீழானது. ஒலிக்கு மாறத் தாமதித்த ஃபீலிக்ஸ் சில ஆண்டுகளிலேயே மங்கிப்போனது.

பிறகு வணிகம் வந்தது. 1932இல் கே கேமன் என்பவர் டிஸ்னியின் பொருள் உரிமங்களைக் கவனிக்கத் தொடங்கினார். 1933இல் மிக்கி கைக்கடிகாரம் சந்தைக்கு வந்தது. படம் பார்க்காதவர் கையிலும் மிக்கி இருந்தது. இத்தாலியில் ‘டோபோலினோ’, சுவீடனில் ‘முஸ்ஸே பிக்’ என்று ஊருக்கு ஒரு பெயரும் கிடைத்தது. மொழி ஆசிரியர்களாகிய நமக்கு இது சுவையான செய்தி இல்லையா? பெயர் மாறினாலும் அந்த மூன்று வட்டம் மாறவே இல்லை.

1932இல் மிக்கியை உருவாக்கியதற்காக டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. ஐவர்க்ஸ் 1930லேயே விலகித் தனி நிறுவனம் தொடங்கியிருந்தார். 1940இல் திரும்பி வந்து தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். டிஸ்னியின் பங்கு சிறியது என்று சொல்ல வரவில்லை. மிக்கிக்குக் குரல் கொடுத்தவரும், ஒலியை நம்பிப் பணத்தைப் போட்டவரும் அவரே. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவர் பெயர்தான் உலகத்தின் நினைவில் நின்றது.

இன்னொரு செய்தி. ‘ஸ்டீம்போட் வில்லி’யின் தலைப்பு அட்டையில் டிஸ்னி பெயரோடு அப் ஐவர்க்ஸ் பெயரும் தெளிவாக இருக்கிறது! யாரும் மறைக்கவில்லை, நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான். 2024 ஜனவரி 1இல் இந்தப் படம் அமெரிக்காவில் பொதுவுடைமையானது. எட்டு நிமிடம்கூட ஓடாத படம். தலைப்பு அட்டையில் நிறுத்தி, “என்ன பெயர்கள் தெரிகின்றன?” என்று கேட்டாலே பாடம் தொடங்கிவிடும்.

பிறகு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்: டோராமோன், பிக்காச்சு, உபின் இபின், எதுவானாலும் சரி. மூன்று கேள்விகள் போதும். முதலில் வரைந்தது யார்? இப்போது உரிமை யாரிடம் இருக்கிறது? எதன் வழியாக நம்மிடம் வந்தது, படமா, பொம்மையா, பையா? டோராமோனுக்கு ஃபுஜிகோ ஃப்புஜியோ என்று சிலர் சொல்லக்கூடும். பிக்காச்சுவை வடிவமைத்த அட்சுகோ நிஷிடாவின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

நாமும் ஒருவருக்கொருவர் பயிற்றிகளையும் படத்தாள்களையும் பகிர்ந்துகொள்கிறோம். ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர் இருக்கும். நகலெடுக்கும்போது அதை வெட்டிவிடாதீங்க, ஐயா, அம்மா. அந்தத் தாளுக்காக யாரோ ஓர் ஆசிரியர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்.