டப்பாமேல் இருக்கிற அந்த எண்

புது எஸ்யூவிக்கு ஆயில் மாத்தப் போனேன். மேனுவலில் 0டபிள்யூ-20. அப்பா தொட்டுப் பார்த்துட்டு, "தண்ணியா இருக்குடா, நம்ம அம்பாசடருக்கு ஊத்துன கெட்டி ஆயிலையே வாங்கு"ன்னார்.

இந்த எண்களின் கதை 1911-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு அந்த ஆண்டுதான் ஆயிலின் பாகுத்தன்மையை முதன்முதலாக வகைப்படுத்தியது. 'டபிள்யூ' பின்னால் சேர்ந்தது, குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் சட்டென்று ஓடும். அடுத்த எண், எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டி என்பது.

டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் கலவை முன்கூட்டியே பற்றி, பிஸ்டனையே உடைத்தது. அதைத் தடுக்கும் சோதனையும் சேர்ந்து 2020-இல் ஏபிஐ 'எஸ்பி' தரம் வந்தது.

ரெண்டையும் பார்த்துத்தான் வாங்கினேன். "உங்க வண்டிக்கு அது சரிப்பா, இந்த எஞ்சினை மெல்லிய ஆயிலுக்குன்னே செஞ்சிருக்காங்க"ன்னேன். தலையாட்டினார்.