கறைபடாத சர்க்கரை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், பத்தாம் வகுப்பில் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலின் அடித்தட்டில் அடைத்துக் கொண்டுவந்த கொடுமையையும், கரும்பாலையின் உருளைகளில் கைகளை இழந்த அடிமைகளின் துயரத்தையும் விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்தச் சர்க்கரையை வாங்கித் தின்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அது எனக்கு நல்லதாயிற்று. ஏனெனில், அக்கேள்விக்குத் தகுந்த விடை அன்று என்னிடம் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு பகுதியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1791ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அடிமை வாணிகத்தை ஒழிக்க வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் தோற்றது. சட்டம் கைவிட்டதைச் சமையலறையிலாவது செய்வோம் என்று அந்நாட்டு மக்கள் பலர் எண்ணினர். வில்லியம் பாக்ஸ் என்பவர் அவ்வாண்டே ஒரு சிறு நூல் வெளியிட்டார். வாரம் ஐந்து இராத்தல் சர்க்கரை செலவழிக்கும் குடும்பம் ஒன்று இருபத்தொரு மாதம் அதனை விலக்கினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொலையுண்பதையோ தடுக்கலாம் என்று அதில் அவர் கணக்குக் காட்டினார். (இராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிறை. என் தந்தையார் காலத்துக் கடைகளில் வழங்கிய சொல். இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.) ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சர்க்கரையைத் துறந்தனர் என்று, அவ்வியக்கத்திற்காக ஊர் ஊராய் அலைந்த கிளார்க்சன் மதிப்பிட்டார்.

ஆனால், துறப்பது ஒன்று; மாற்று ஒன்றைத் தானே ஆக்கிக்கொள்வது வேறொன்று. அந்த இரண்டாவது வழியில் இறங்கிப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய காடுகளில் சர்க்கரை மேப்பிள் என்னும் மரம் இயற்கையாகவே செழித்து நின்றது.

அம்மரத்தின் இயல்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பனைமரங்கள் சூழ்ந்த திருநெல்வேலிச் சீமைக் கிராமம். அதிகாலையில் பனையிலிருந்து இறக்கிய பதநீரை விடிலியில் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுவார்கள். பாகு முறுகி வரும் நேரத்தில் சிறுவர்களாகிய நாங்கள் வாசலில் வந்து நிற்போம். பதம் பார்ப்பதற்காக எடுத்த துளியில் எங்களுக்கும் பங்கு கிடைக்கும். பின்னர் அதனைச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள். வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மேப்பிள் சர்க்கரை செய்யும் முறையைப் படித்தபொழுது, கடல்களுக்கு அப்பால் யாரோ எங்கள் ஊர் விடிலியைப் பனிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

பனிக்காலம் முடியும் தறுவாயில், இரவில் நீர் உறையும் குளிரும் பகலில் பனி உருகும் வெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில் மட்டுமே மேப்பிள் மரத்தின் சாறு தாராளமாக ஓடும். மொட்டு விரிந்துவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும். ஆகையால் அந்தச் சில வாரங்களே அறுவடைக் காலம். முற்காலத்தில் கோடரியால் மரத்தை வெட்டிச் சாறு எடுத்தார்கள். அது மரத்தைப் புண்படுத்தியது. பின்னர்த் துரப்பணத்தால் சிறு துளை இட்டு, உட்சோற்றை நீக்கிய குச்சியைக் குழலாகச் செருகி, அடியில் மரத்தொட்டி வைத்துச் சொட்டுச் சொட்டாய் வடியும் சாற்றைச் சேர்த்தார்கள். பதநீரை வாயில் வைத்தவுடன் இனிக்கும். மேப்பிள் சாறோ பெரும்பாலும் தண்ணீர் போலவே இருக்கும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே சர்க்கரை உண்டு. ஒரு குடம் பாகு வேண்டுமானால் ஏறக்குறைய நாற்பது குடம் சாற்றை வற்ற வைக்க வேண்டும். பாகைச் சர்க்கரையாக்க வேண்டுமானால் மேலும் காய்ச்சிக் கிளற வேண்டும். அதற்கு எத்துணை விறகு வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரவு பகலாக அடுப்பெரியும். பதம் பார்க்கப் பாகைப் பனிக்கட்டியின் மேல் ஊற்றுவார்கள். அது இழுபடும் மிட்டாயாக இறுகும். அங்கும் சிறுவர்கள் காத்து நின்றிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இக்கலையை வெள்ளையர் கண்டுபிடிக்கவில்லை. ஒஜிப்வே, இரோக்குவாய் முதலிய அந்நாட்டுப் பழங்குடிகளிடமிருந்தே கற்றனர். ஒஜிப்வே மக்கள் இளவேனிலின் ஒரு மாதத்திற்குச் சர்க்கரை காய்ச்சும் திங்கள் என்றே பெயரிட்டுள்ளனர். பூர்ச்ச மரப்பட்டையால் செய்த பெட்டிகளில் ஓராண்டுக்கு வேண்டிய சர்க்கரையை அவர்கள் சேமித்து வைத்தனர்.

இந்தக் குடிசைத் தொழிலில் அடிமைகளின் விடுதலையைக் கண்டவர் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் பெஞ்சமின் ரஷ். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அவர் 1791ஆம் ஆண்டு தாமஸ் ஜெபர்சனுக்கு மேப்பிள் மரத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். அது அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் படிக்கப்பெற்றது. நல்ல பருவத்தில் ஒரு மரம் இருபது முதல் முப்பது காலன் வரை சாறு தரும். அதிலிருந்து ஐந்தாறு இராத்தல் சர்க்கரை எடுக்கலாம். சாதாரணக் குடியானவன் தன் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டே இதனைச் செய்துகொள்ளலாம் என்றெல்லாம் அவர் விளக்கினார். தீவுகளின் அடிமை முறையைத் தேவையற்றதாக்கும் கருவி இம்மரமே என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அக்கடிதம் எழுதிய நாளில் அவருடைய வீட்டிலேயே ஓர் அடிமை இருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரை ரஷ் விடுவித்தது 1794இல்.

ஜெபர்சனும் இதில் பேரார்வம் கொண்டார். கறுப்பு மக்களின் அடிமைத்தனத்தால் விளையும் சர்க்கரைக்கு ஈடாகப் பெண்களும் சிறுவர்களும் எளிதாகச் செய்யக்கூடிய சர்க்கரை கிடைப்பது பெரும்பேறு என்று 1790இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். விறகு பிளப்பவர் யார் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மறு ஆண்டு வடபகுதியில் சுற்றுப்பயணம் செய்து மேப்பிள் காடுகளைக் கண்டார். நியூயார்க்குக்கு அருகே ஒரு நாற்றுப்பண்ணையில் இருந்த கன்றுகளை எல்லாம் தமக்கே தருமாறு சொல்லிவிட்டு வந்தார். அறுபது கன்றுகள் வர்ஜினியாவிலுள்ள அவருடைய மான்டிசெல்லோ பண்ணைக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள வெப்பம் வடநாட்டு மரத்திற்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை பட்டுப்போயின. பிழைத்திருந்தாலும் உடனே பயனில்லை. மேப்பிள் மரம் துளையிடும் பருவத்தை அடைய நாற்பது ஆண்டு அளவு ஆகும். மேலும், அக்கன்றுகள் நடப்பட்ட பண்ணை அடிமைகளின் உழைப்பால் நடந்த பண்ணை. தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் ஜெபர்சன். வகுப்பில் இவ்விடத்தை நான் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு முன், அவருடைய கடிதத்தில் இருந்த ஆர்வம் பொய்யா என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள் என்பேன். பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. மனிதன் தன் உணவுத் தட்டில் தேடும் தூய்மையைத் தன் வயலில் தேடாமல் இருக்க வல்லவன்.

பெருமுதலாளிகளும் இம்முயற்சியில் புகுந்தனர். நியூயார்க் மாநிலத்து ஒட்செகோ ஏரிக்கரையில் குடியேற்றம் அமைத்த வில்லியம் கூப்பர், குடியானவர்கள் காய்ச்சிய சர்க்கரையை 1790இல் பிலடெல்பியாவுக்கு அனுப்பி வைத்தார். அவருடைய மகனே பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற பெனிமோர் கூப்பர். டச்சு வணிகர் சிலருடைய முகவராக வந்த ஒருவர், மரத்திலிருந்து காய்ச்சுமிடம் வரை சாறு தானே ஓடிவர மர ஓடுகால்கள் அமைத்தார். அவை வெயிலில் கோணி ஒழுகின. காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் மரங்களையும், சில வாரங்களே நீடிக்கும் பருவத்தையும் தோட்ட முறைக்குள் அடக்க முடியவில்லை. கறைபடாத சர்க்கரை என்று பேசப்பட்ட இச்சர்க்கரை விளைந்த நிலத்திற்கும் ஒரு கதை உண்டு. 1779ஆம் ஆண்டு அதே ஒட்செகோ ஏரியிலிருந்து புறப்பட்ட படையும் சேர்ந்துதான் இரோக்குவாய் மக்களின் ஊர்களையும் வயல்களையும் எரித்தது.

இதற்கிடையே தெற்கே வேறொன்று நடந்தது. 1795இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே எத்தியென் தெ போரே என்பவர் கரும்புச் சாற்றைக் கட்டிச் சர்க்கரையாக்குவதில் வெற்றி கண்டார். அங்கு உழைத்தவர்கள் அடிமைகள். 1803இல் லூயிசியானாவைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கி ஐக்கிய அமெரிக்காவுடன் சேர்த்தவர், அப்போது ஜனாதிபதியாயிருந்த அதே ஜெபர்சன்! அடிமைச் சர்க்கரை இனிக் கடல் கடந்து வரவேண்டியதில்லை, உள்நாட்டிலேயே விளைந்தது. அதே 1803இல் நியூ இங்கிலாந்தின் விவசாயிகள் பஞ்சாங்கம் ஒன்று, உங்கள் சர்க்கரையை நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள், பிறர் துன்பத்தில் விருந்துண்ணாதீர்கள் என்ற கருத்துப்பட அறிவுரை கூறியது.

அவ்வறிவுரையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பெரிய திட்டங்கள் விழுந்தபின்பும் வெர்மாண்ட் முதலிய வடமாநிலங்களின் குடியானவர் வீடுகளில் மேப்பிள் சர்க்கரையே அன்றாட இனிப்பாக நெடுங்காலம் இருந்தது. பணமின்மை ஒரு காரணம். அடிமைச் சர்க்கரையின்மேல் இருந்த வெறுப்பும் பலருக்கு ஒரு காரணம். எவருக்கு எது என்று பிரிப்பது சரித்திர ஆசிரியனால் இயலாது. மாசசூசெட்ஸில் டேவிட் லீ சைல்டு என்பவர் 1838 முதல் சில ஆண்டுகள், பிரான்சில் நெப்போலியன் காலத்தில் வளர்ந்த பீட்ரூட் சர்க்கரைத் தொழிலை அடிமை ஒழிப்புக்காக நடத்திப் பார்த்துப் பொருளிழந்தார். ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அதற்கு ஓர் உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1820களில் இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசைகளில், கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகளால் ஆக்கப்படாதது, என்ற பொருள்பட எழுதிய சீனக்களிமண் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையை நீக்கியது 1843ஆம் ஆண்டுச் சட்டம் என்பதை அக்கிண்ணம் செய்தவர்கள் எண்ணியிருக்க இடமில்லை. ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை 1834இல் நீங்கியதும், மொரீஷியஸ் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் இருந்தவர்களுள் தமிழர் பலர். அவர்களை எதிர்நோக்கிக் காத்திருந்தது கரும்பு வயல்.

கேள்வி கேட்ட மாணவனிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். "அப்படியானால் அவர்கள் சர்க்கரை காய்ச்சியது வீணா, ஐயா?" என்று மறுபடியும் கேட்டான். ஜெபர்சனின் கன்றுகள் வீணாயின. பஞ்சாங்கத்தைப் படித்துவிட்டு நள்ளிரவில் அடுப்புக்கு விறகு தள்ளிய பெண்ணின் உழைப்பை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். அவன் முழுத் திருப்தி அடைந்தவனாகத் தெரியவில்லை.

மேப்பிள் பாகு இன்று பெரும்பாலும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்துச் சேகரிக்கப்படுகிறது. பழைய முறையில் பனிக்காட்டுக்குள் குடும்பத்தோடு சென்று, குழந்தைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு சாறு காய்ச்சும் ஒஜிப்வே மக்கள் இன்றும் இருக்கிறார்கள்.