பக்கமில்லாத அணு: ஸ்ரீபெரும்புதூர் ஆசாரியரின் மறுப்பும் அதன் பின்வரலாறும்

தமிழகத்தில் அணுக்கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதை ஏற்றவர்களையே தேடிச் செல்கின்றனர். மறுத்தவர்கள் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறார்கள். இது சரியில்லை. அணுவின் அளவு குறித்து மிகக் கூர்மையாகக் கேட்டவர் மறுத்தவர் வரிசையில்தான் இருக்கிறார். மரபுக் கணக்குப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரே அவர்.

ஏற்றவர்களில் முந்தைய தமிழ்ச் சான்று மணிமேகலையின் 27ஆம் காதை. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்கள் உண்டு என்று அங்கே ஆசீவக சமயத்தான் ஒருவன் சொல்கிறான். அவை பிளவுபடா, ஒன்றுக்குள் ஒன்று புகா. கூடினால் மலையும் ஆகும். மாலை மங்கலில் மயிர்த்தொகுதி தெரியும், தனி மயிர் தெரியாது. தனி அணுவும் அப்படித்தான் கண்ணுக்கு எட்டாது என்கிறான். நவீன அணுக்கொள்கையின் டால்டனை இதில் தேடுவது வீண். அணு ஏன் புலப்படவில்லை என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான விடை கிடைத்திருப்பதே போதும்.

கணாதர் வழிவந்த வைசேடிகர் அளவையும் சொன்னார்கள். பிளக்க முடியாத பரமாணு இரண்டு சேர்ந்து துவியணுகம். மூன்று துவியணுகம் சேர்ந்து, சன்னல் வெயிலில் மிதக்கும் தூசு. அதாவது ஒரு தூசில் ஆறே பரமாணுக்கள். சிற்ப நூலாரின் கணக்கு வேறு. பரமாணுவிலிருந்து எட்டெட்டாக ஆறு படி ஏறினால் ஓர் அங்குலம். ஆக 2,62,144 பரமாணுக்கள். அங்குலத்தை 2 செ.மீ. என்று கொண்டால் பரமாணு ஏறத்தாழ 76 நானோமீட்டர். சிலிக்கன் படிகத்தில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளியோ 0.235 நானோமீட்டர்தான். அவர்களின் பரமாணு அளந்து கண்டதல்ல, வகுத்து வைத்த அலகு என்பது இதிலேயே தெரிகிறது.

இராமானுசர் கை வைத்தது இந்தக் கணக்கில் அல்ல, அதற்கு அடியிலிருந்த எண்ணத்தில். பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், மகத்தீர்க்காதிகரணம் என்னும் பகுதியில் வாதம் இப்படிப் போகிறது: நூலிழைகள் தம் பக்கங்களால் ஒட்டித்தான் துணியாகின்றன. பரமாணுவுக்கு உறுப்பில்லை என்றால் பக்கமும் இல்லை. ஆயிரம் சேர்ந்தாலும் ஒன்றின் இடத்தைத் தாண்டா. பக்கம் உண்டென்றால் உறுப்பும் உண்டு. பிறகு பிளப்புக்கு எல்லையே இல்லை. எல்லை இல்லையேல் இரண்டுக்கும் எண்ணற்ற உறுப்புகளாகி, கடுகும் மலையும் சமமாகிவிடுமே என்பது வைசேடிகரின் அச்சம். உறுப்பில்லா அணுவைக் கொண்டால் கடுகே உருவாகாதே என்பது இவர் பதில். பொருளின் தோற்றத்துக்கு அவர் கொண்ட விடை வேறு: மூலப்பொருளான பிரகிருதி என்றும் உள்ளது, பிரம்மத்துக்கு உடலாக இருப்பது, நுண்ணிலையிலிருந்து பருநிலைக்கு வருவதே படைப்பு.

19ஆம் நூற்றாண்டில் வழக்கு ஆய்வகத்துக்குப் போனது. 1865இல் லோஷ்மிட் மூலக்கூறின் பருமனைக் கணித்தார். 1908 முதல் பெரென் செய்த சோதனைகள் அணு உண்டா என்ற ஐயத்தைத் தீர்த்தன. ஆனால் ஆய்வகம் கண்ட இந்த அணுவுக்கு உறுப்புகள் உண்டு. எனவே இராமானுசரின் கேள்வி எலெக்ட்ரானிடம் இடம் மாறிவிட்டது. அதற்கு உறுப்போ பருமனோ இருப்பதாக இதுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை.

பக்கமில்லாதவை இடத்தை அடைப்பது எப்படி? 1925இல் பவுலி கூறிய விதிதான் இதற்கான திறவுகோல்: இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. ஒட்டுவதற்குப் பக்கம் தேவையில்லை, விலக்கும் விதி போதும் என்ற இந்த வழியை இராமானுசர் எண்ணவில்லை, வைசேடிகரும் எண்ணவில்லை. அந்த விதியால் பொருள் உள்ளொடுங்காமல் நிற்கிறது என்பதை 1967இல் டைசனும் லெனார்டும் கணிதத்தால் நிறுவினர். 1975இல் லீபும் திர்ரிங்கும் அந்த நிறுவலை எளிமையாக்கினர். பவுலியின் விதி எந்தத் துகளுக்கும் பொருந்தாதிருந்தால் துகள்கள் கூடக்கூடப் பொருள் உள்ளொடுங்கிப்போகும் என்றும் டைசன் காட்டினார். ஆயிரம் அணுக்கள் ஓரணுவின் இடத்தில் அடங்கும் என்ற ஸ்ரீபாஷ்யத்தின் ஆட்சேபம், அந்த விதியில்லாத உலகத்துக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது.