காதுக்கு வந்த கம்பி – 14: றொசல்ல உறங்கிய நேரம்

சென்ற வாரம் ஆப்பிளின் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லரை மேடைப் படியிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதோ, ஏறுகிறார்.

2016 செப்டெம்பர் 7. சான் பிரான்சிஸ்கோ நகரின் பில் கிரஹாம் அரங்கம். அங்கே காலை 10 மணிக்குக் கூட்டம் தொடங்கியபோது நமது இலங்கை மலையகத்து றொசல்லயில் இரவு 10.30. லயங்களில் விளக்கு அணைந்துவிட்ட நேரம். விடிந்தால் பிரட்டுக்குப் போகவேண்டும். நம் சனங்கள் ஹேன்ட்ஸ்ஃப்ரீ குத்துகிற அந்தச் சின்ன ஓட்டைக்குப் பூமியின் மறுபக்கத்தில் நாள் குறித்துவிட்டார்கள் என்பது இங்கே யாருக்குத் தெரியும்?

அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்காக வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. புது ஐபோனில் அந்த ஓட்டை, அதாவது ஹெட்போன் ஜாக், இருக்காதாம். வேண்டாம், எடுக்காதீர்கள் என்று 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆப்பிளைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக்கே, நிறையப் பேர் எரிச்சலடைவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

இத்தனை பேர் சொல்லியும் ஏன் பின்வாங்கவில்லை?

அதைப் புரிந்துகொள்ள, மேடையை விட்டு ஒரு நிமிடம் போனின் வயிற்றுக்குள் போகவேண்டும். வாருங்கள்.

அங்கே இடச்சண்டை. கமராவைப் பெரிதாக்க நினைத்தார்கள். கமரா பெரிதானால் திரையை இயக்கும் பாகம் நகரவேண்டும். அது நகர்ந்து வந்து இடித்த இடம் ஜாக்குக்குப் பக்கம். ஜாக் என்பது வெளியே தெரிகிற 3.5 மில்லிமீற்றர் வட்டம் மட்டும் அல்லவே! உள்ளே பின் முழுதாக இறங்க நீளமான குழாய் வேண்டும். அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன? வன்பொருள் தலைவர் டேன் ரிச்சியோவின் ஆட்கள் எடுத்துப் பார்த்தார்கள்.

இடம் திறந்துகொண்டது.

முந்திய போனில் 1715 மில்லி அம்பியர் மணியாக இருந்த பட்டரி 1960 ஆனது. முகப்புப் பொத்தானை அழுத்தினால் விரலுக்குள் அதிர்வு தருகிற கருவிக்கும் இடம் வந்தது. தண்ணீர் புகாமல் அடைப்பதும் சுலபமாயிற்று. ஒரு பொறியியலாளரின் ஆசைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இன்னொரு ஆசையும் இருந்தது. 2014இல் பீட்ஸ் என்ற ஹெட்போன் கம்பனியை 300 கோடி டொலர் கொடுத்து ஆப்பிள் வாங்கியிருந்தது. காதில் மாட்டுகிற சாமான்களை விற்பது இப்போது அவர்களுக்கே பெரிய வியாபாரம். அதோடு, 3.5 மில்லிமீற்றர் ஓட்டைக்கு எந்தக் கம்பனியும் எசமான் இல்லை. யாரும் செய்யலாம், யாரும் குத்தலாம். ஐபோனுக்கு அப்போது சார்ஜ் ஏற்றிய ஆப்பிளின் லைட்னிங் வாசல் அப்படியல்ல. அதற்குப் பொருள் செய்கிறவர் ஆப்பிளின் அனுமதி வாங்கிப் பணமும் கட்டவேண்டியிருந்தது. இடம் தேடியதாகச் சொன்ன காரணம் பொய்யில்லை. என்றாலும் கணக்குப் பிள்ளையின் காரணமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

சரி, மேடைக்குத் திரும்புவோம்.

ஷில்லர் புதுமைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வருகிறார். வடிவம். கமரா. திரை. கைதட்டல். நேரம் ஓடுகிறது. இங்கே றொசல்லயில் நள்ளிரவு நெருங்குகிறது.

பெட்டிக்குள் வரும் இயர்போனைக் காட்டுகிறார். அதன் நுனியில் பழைய பின் இல்லை. லைட்னிங்.

ஆக, உண்மைதான்!

பழைய இயர்போனை மாட்ட ஒரு சிறு இணைப்புக் கம்பியும் பெட்டியிலேயே உண்டு என்கிறார். பிறகு, ஏன் எடுத்தோம் என்று கேட்பீர்கள் என்று தானே தொடங்கி, ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்.

துணிச்சல்.

அன்று இரவே உலகம் முழுதும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தது. நான் திட்டப்போவதில்லை. துணிச்சல்தான். ஆனால் துணிந்தவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். எனக்கு மனம் ஆறாதது அந்த இடத்தில்தான்.

விலையும் அதே மேடையில் வந்தது. கம்பியில்லாத ஏர்பொட்ஸ், 159 டொலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 23,000 ரூபா. அப்போது நம் தோட்டங்களில் எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து ஒரு நாள் சம்பளம் 620 ரூபா. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு இறங்கப்போகிற மாதமும் அதுதான். வகுத்துப் பாருங்கள். 37 முழுப்பேர். மழையில், அட்டைக்கடியில், கொழுந்துக் கூடையோடு 37 நாள்.

“ஐபோனை இங்கே யார் வாங்கினார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே கையில் இருந்தவை பெரும்பாலும் மலிவான அன்ட்ரொயிட் போன்கள். அவற்றில் அந்த ஓட்டை என்னென்ன வேலை செய்தது தெரியுமா?

பாட்டு மட்டுமா? ரேடியோவும் அதற்குள்தான் இருந்தது. போனிலுள்ள எஃப்.எம். கருவிக்குத் தனி அன்டெனா கிடையாது. ஹேன்ட்ஸ்ஃப்ரீ வயர்தான் அன்டெனா. வயரைக் குத்தினால்தான் சூரியன், சக்தி வானொலிகள் பேசும். டேட்டாவும் வேண்டாம், காசும் வேண்டாம். வட்டவளையில் ரயிலேறி றொசல்ல தாண்டி ஹட்டன் போகிறவருக்கு, மலை மறைக்கும்போது வயரைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தால் அறிவிப்பாளர் திரும்பி வந்துவிடுவார். ஹட்டனுக்கு அப்பால் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது.

ஓட்டை எடுபட்டால் அந்த வயருக்கும் வேலையில்லை.

அதிலும் குறை இருந்தது, மறைக்கமாட்டேன். பின்னில் நான்கு உலோகப் பகுதிகள். கடைசி இரண்டில் எது மைக், எது பூமிக்கம்பி என்பதில் கம்பனிகள் இரண்டு கட்சி. பழைய நோக்கியா ஒரு பக்கம், ஆப்பிள் மறுபக்கம். கட்சி மாறிக் குத்தினால் விநோதம் நடக்கும். மேளம் கேட்கும், வயலின் கேட்கும், பாடகர் மட்டும் காணாமல் போவார்! பூமிக்கம்பி சேராததால் இரண்டு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகரின் குரல் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவர் மறுபடி வருவார். விரல் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே பாட்டுக் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

ஷில்லர் இறங்கினார். கூட்டம் முடிந்தது.

ஆப்பிளுக்கு முன்பே சிலர் ஓட்டையை எடுத்திருந்தார்கள். 2012இல் ஒப்போ, அதே 2016இல் மோட்டோ. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எல்லாரும் பார்த்தார்கள். போட்டிக் கம்பனிகள் என்ன செய்யும்? பின்னால் போகுமா, எதிர்த்து நிற்குமா?

பதில் வர ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 4, அதே சான் பிரான்சிஸ்கோ. கூகுள் தன் முதல் பிக்சல் போனை இறக்கியது. அதன் விளம்பரத்தில், எங்களிடம் 3.5 மில்லிமீற்றர் ஜாக் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னது.

ஆப்பிளின் பக்கமோ நிலைமை மோசம். ஒக்டோபர் கடைசியில் கடைக்கு வரும் என்று வாக்குக் கொடுத்த ஏர்பொட்ஸ் வரவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும் என்று அறிவிப்புத்தான் வந்தது. ஓட்டையை மூடியாகிவிட்டது, அந்த இடத்துக்கு வரவேண்டியது கைக்கு வரவில்லை. நத்தார் வியாபாரமோ வாசலில் நிற்கிறது.

கூகுள் வென்றுவிட்டது என்றுதான் அப்போது பார்த்த யாரும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அடுத்த ஒக்டோபரில் இரண்டாவது பிக்சலைக் கையில் எடுத்துக்கொண்டு கூகுள் மேடையேறியபோது, அதன் விளிம்பைப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

(தொடரும்)