குந்தவைக்குக் கல்யாணம் நடந்ததா?

தரம் 10 பிள்ளை ஒன்று நாலு பக்கத்தில் ஒரு காதல் கதை எழுதியிருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படம் இரண்டையும் பார்த்த சூட்டில் எழுதியது. வந்தியத்தேவன் இலங்கையிலிருந்து திரும்பி வருகிறான், பழையாறையில் குந்தவை காத்திருக்கிறாள், இருவரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கொப்பி வகுப்பு முழுக்கச் சுற்றி, கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு கருத்தோடு என் மேசைக்கு வந்தது. "குந்தவை இப்படி அழ மாட்டா." "கல்யாணத்தையும் எழுதியிருக்கலாம்." "வானதி எங்கே?" அடியில் ஒருவர் சிவப்புப் பேனையால்: "இது வரலாற்றில் இல்லை. வரலாற்றைக் கெடுக்காதே."

இந்தப் பதிவு அந்தச் சிவப்பு வரிக்காக. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அது அடங்கவில்லை.

கல்யாணத்தைக் கேட்ட பிள்ளை தனி ஆள் இல்லை. கல்கி இதழில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954 மே 16இல் முடிந்தது. மூன்றரை வருடம் வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த முடிவு போதவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டது, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள் என்று கேள்விகள் குவிந்தன. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தைச் சொல்ல வேண்டி வந்தது. இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. பலர் அதைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே வருடம் டிசம்பர் 5இல் கல்கி காலமானார்.

ஆசிரியர் போன பிறகும் வாசகர் விடவில்லை. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் அதே பாத்திரங்களை எடுத்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிறகு பாலகுமாரன் ராஜராஜனின் பிற்காலத்தை 'உடையார்' என்று ஆறு பாகங்களில் எழுதினார். ஒருவர் படைத்த பாத்திரத்தின் மேல் பிரியம் வைத்து இன்னொருவர் கதையைத் தொடர்வதற்கு இன்று புதுப்புதுப் பெயர் வைக்கிறார்கள். வேலை பழைய வேலைதான்.

சரி, கல்யாணம் நடந்ததா? நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவை கோயிலுக்குக் கொடுத்த கொடைகள் பதியப்பட்டிருக்கின்றன. அங்கே அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று குறிப்பிடப்படுகிறார். காதலித்தார்களா, ஓடைக்கரையில் சந்தித்தார்களா என்பதெல்லாம் கல்லில் இல்லை. கணவன் மனைவி, அவ்வளவுதான். அந்த ஒரு தொடரிலிருந்துதான் கல்கி ஐந்து பாகத்துக்கு ஒரு காதலைப் பின்னினார். ஆதித்த கரிகாலன் கொலையும் அப்படித்தான். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. ஆகவே என் மாணவி செய்ததை முதலில் செய்தவர் கல்கி.

இடையில் ஒன்று. நம் ஊர்க்காரர் சித்திலெவ்வை 1885இல் எழுதிய நாவலின் பெயர் 'அஸன்பே சரித்திரம்'. நாயகன் கெய்ரோவில் பிறந்தவன். ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து அப்போது இரண்டே வருடம். எகிப்து என்றாலே இங்குள்ள முஸ்லிம்கள் காது கொடுத்துக் கேட்ட காலம். கற்பனைக் கதைக்கு 'சரித்திரம்' என்று பெயர் வைத்ததை அன்று குற்றமாக யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தச் சொல் கதையையும் வரலாற்றையும் சேர்த்தே சுமந்தது. கண்டித் தமிழ்ப் பிள்ளைகள் பொன்னியின் செல்வனை அறிந்த அளவுக்கு அஸன்பேயை அறியவில்லை என்பது எனக்குள்ள தனி மனவருத்தம்.

இனி சிவப்புப் பேனைக்காரருக்கு. "வரலாற்றில் இல்லை" என்ற கேள்வி நல்ல கேள்வி. அதை முதலில் கேட்க வேண்டிய இடம் இந்தக் கொப்பி இல்லை. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தில் கதை நம் நாட்டுக்கு வருகிறது. அநுராதபுரத்தில் பெரஹர பார்க்கிறார்கள். தலதா வீதியில் பாய் விரித்து இடம் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களில் சந்தோசம் தாங்காது. அங்கேதான் பிக்குமார் இரகசியமாகக் கூடி இலங்கைச் சிங்காதனத்தை அருள்மொழிவர்மனுக்குக் கொடுக்க முன்வருகிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். எவ்வளவு பெருந்தன்மை! "சேர், அது உண்மைதானே?" என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். குந்தவையின் கண்ணீருக்கு ஆதாரம் கேட்கிறவர்கள் இதற்குக் கேட்பதில்லை.

சூளவம்சம் சொல்வது வேறு. ஐந்தாம் மகிந்தன் படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், கலகத்துக்குப் பயந்து உருகுணைக்கு ஓடினான். இங்கு வந்துபோன ஒரு குதிரை வியாபாரி நாட்டின் நிலையைச் சோழ மன்னனிடம் சொன்னான். 993 அளவில் ராஜராஜனின் படை வந்தது. அநுராதபுரம் அழிந்தது, பொலன்னறுவை சோழரின் தலைநகரானது. விகாரைகள் கொள்ளையிடப்பட்டன, தாதுக்கள் வைத்த அறைகள் உடைக்கப்பட்டன என்று அந்த நூல் எழுதுகிறது. தஞ்சைக் கோயிலுக்கு ஈழத்து ஊர்களின் வருமானம் எழுதிவைக்கப்பட்டதைச் சோழரின் கல்வெட்டே சொல்கிறது. சிங்காதனத்தை வேண்டாம் என்றவராகக் கதையில் வருபவர்தான் இந்த ராஜராஜன். மறுபக்கமும் இருக்கிறது: திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் 'ராஜராஜப் பெரும்பள்ளி' என்ற பெயரோடு தமிழ்க் கொடைகள் பெற்று வாழ்ந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சிங்கள மொழிமூலப் பிள்ளையும் தமிழ் மொழிமூலப் பிள்ளையும் ஒரே வரலாற்றுப் பாடப்புத்தகத்தைத்தான் இரண்டு மொழியில் படிக்கிறார்கள். வீட்டில் கேட்கும் கதைதான் வேறு. ஒரு வீட்டில் சோழன் தூபியை உடைத்தவன், இன்னொரு வீட்டில் முடியை மறுத்தவன். ஒரே பஸ்ஸில் பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் போகும் பிள்ளைகள் இவர்கள். காதல் கதை யாரையும் ஏமாற்றுவதில்லை, அது கதை என்று எல்லாருக்கும் தெரியும். முடி மறுத்த காட்சி அப்படி இல்லை. ஆயிரம் தடவை படித்துப் படித்து அது நடந்ததாகவே ஆகிவிட்டது. நானும் அந்த நாவலை ரசித்துப் படிப்பவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

ஐந்தாம் மகிந்தனின் முடிவையும் எழுதிவிடுகிறேன், படத்தில் அது வராது. 1017இல் ராஜேந்திரனின் படை உருகுணைக்குள் புகுந்து அவனையும் பட்டத்து ராணியையும் முடியையும் நகைகளையும் பிடித்தது. சோழநாட்டில் பன்னிரண்டு வருடம் சிறையிருந்து 1029இல் இறந்தான். ராணிக்காக, எனக்குத் தெரிந்த அளவில், தமிழில் யாரும் நாலு பக்கம் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் கல்கி இதழிலிருந்து வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் ஓவியங்களோடு கட்டி வைத்தவர்கள் உண்டு. மாத்தளை, அக்குறணை, கம்பளைப் பக்கம் யார் வீட்டிலாவது அப்படி ஒரு கட்டு இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து பார்க்க வேண்டும்.