ஈரலைத் தூண்டிய உறக்க மருந்து

செங்கமாரி என்றதும் நம்மவர்க்குக் கீழ்காய்நெல்லி நினைவிற்கு வருதல் இயல்பு. நான் கூறப் புகுவதோ பிறந்த சிசுவின் கண்ணிலும் தோலிலும் தோன்றும் மஞ்சளைப் பற்றியது. அளவு கடந்து மிகுமாயின் அது மூளையையே கெடுத்துவிடும்.

குருதியிலுள்ள செங்குழியங்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அவ்வழிவிற் பிறக்கும் மஞ்சள் நிறப்பொருளே பிலிரூபின். அது நீரிற் கரையாது. ஈரலிலுள்ள நொதியம் ஒன்று அதனைக் குளுக்குரோனிக்கமிலத்தோடு இணைத்துக் கரையச் செய்கின்றது; பின்னரே அது பித்தத்தோடு வெளியேறுகின்றது. பிறந்த குழந்தையில் அந்நொதியம் வலிமை பெறச் சில காலம் செல்லும். அதனாலேயே பல குழந்தைகள் முதல் வாரத்திற் சற்று மஞ்சளித்துப் பின் தாமே தெளிகின்றன.

தெளியாத குழந்தைகளும் உளர். 1952ஆம் ஆண்டு கிறிக்லர், நஜ்ஜார் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், உறவுடைய சில குடும்பங்களிற் பிறந்த அத்தகைய குழந்தைகளை விவரித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மூளை கெட்டு மழலைப் பருவத்திலேயே மாண்டனர். செங்குழியங்கள் மிகுதியாக அழியவில்லை. பித்தக் குழாயும் அடைபடவில்லை. குறை அந்த இணைப்பு வேலையிலேயே இருந்தது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். பினோபாபிற்றோன் 1912ஆம் ஆண்டு ஜெர்மனியில் லூமினல் என்னும் பெயரோடு உறக்க மருந்தாக வெளிவந்தது. விரைவிலேயே வலிப்பு நோய்க்கும் பயன்பட்டது. அதனைச் சில நாள் தொடர்ந்து உண்ட விலங்குகளின் ஈரலில் நொதியங்கள் பெருகுவதைப் பின்னாளில் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வாறாயின், பிலிரூபினை இணைக்கும் நொதியமும் பெருகாதோ? 1966ஆம் ஆண்டு யாவே என்பவரும் அவர்தம் துணைவரும் மஞ்சள் தீராத ஒரு குழந்தைக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். பிலிரூபின் இறங்கிற்று! இரண்டாண்டின் பின் டென்மார்க்கு வைத்தியர் துறோல், வலிப்புக்காக இம்மருந்தை உண்டுவந்த தாய்மாரின் குழந்தைகளில் மஞ்சள் குறைந்திருத்தலை எடுத்துக் காட்டினார்.

ஆயினும் எல்லாக் குழந்தைகளும் இதனாற் பயன் பெற்றிலர். 1969ஆம் ஆண்டு ஏறியாஸ் என்பவர் அந்நோயாளரை இரு கூறாகப் பிரித்தார். மருந்திற்கு இணங்கியோர் ஒரு சாரார். சிறிதும் இணங்காதோர் மற்றொரு சாரார். இன்று காரணம் விளங்குகின்றது. மருந்து பிலிரூபினைத் தானே தொடுவதில்லை. நொதியத்தை ஆக்கும் மரபணுவையே அது தூண்டுகின்றது. அம்மரபணு முற்றாகப் பழுதுற்றவனுக்கு அதனைக் கொடுத்தல் விதையில்லா வயலுக்கு நீர் இறைத்தலை ஒக்கும்.

நேயர்களே, இம்மருந்து ஏன் எல்லாச் சிசுக்களுக்கும் வழங்கப்படுவதில்லை என நீங்கள் வினவலாம். நொதியம் பெருகச் சில நாள் வேண்டும். மூளையோ அதுவரை காத்திராது. குழந்தை மயங்கித் தூங்கிப் பால் குடிக்க மறத்தலும் உண்டு. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஒளிச் சிகிச்சை அக்காத்திருப்பைச் சில மணி நேரமாக்கிவிட்டது. நொதியம் அறவே இல்லாதோர் நாடோறும் பல மணி நேரம் நீல ஒளியின் கீழ்க் கிடக்கின்றனர், அல்லது மாற்று ஈரல் பெறுகின்றனர். சிறிதேனும் நொதியம் உடையோர்க்கு மட்டும் அப்பழைய உறக்க மருந்து இன்றும் கைகொடுத்து வருகின்றது.